எத்தனை பேருக்குக் கூடாரம்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வார நாள்ல போனில் உங்களைப் பிடிக்கறதுக்குள்ள என் பொழுது போயிடுது. நான் காலேஜ் ஆபீஸ் விட்டு வரும்போது நீங்க தூங்கிட்டு இருக்கீங்க. நீங்க விடியற்காலையில டிப்போவுல பஸ்ஸை எடுக்கும்போது நான் தூங்கிட்டு இருக்கேன். உங்க பெரியவகிட்ட சொன்னா 'சொல்றேன் அத்தை'ங்கறா, சொல்றதில்லை. ஞாயித்துக்கிழமை பேசறப்போ இந்த விஷயத்தை எடுக்க வாய் வரலை, அதனாலதான் பேனாவை எடுத்துட்டேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க.

விஷயம் இதுதான். இந்த லீவுக்கு ஏரிக்கரைக்குப் போகலாமா? அண்ணன் போனதுக்கு அப்புறம் மூணு வருஷமா அந்தப் பக்கமே நாம போகலை. போன வாரம் சாப்பிடும்போது அப்பா திடீர்னு "இந்த வருஷமும் கிடையாதா?"ன்னார். கேட்டுட்டு உடனே டம்ளரை எடுத்துத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டார், நான் பதில் சொல்லிடக் கூடாதுன்னு பயந்த மாதிரி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பழைய கூடாரத்தைப் பரணிலிருந்து இறக்கினோம். பையைத் திறந்தா அப்படி ஒரு நாத்தம். துணியோட உள்பக்கப் பூச்சு இளகி, வெயில்ல வெச்ச மிட்டாய் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்க வீட்டு ஆள் சோப்பு போட்டுத் தேய்ச்சுப் பார்த்தார். பூச்சுதான் செதில் செதிலா உரிஞ்சு வந்துச்சு. தூக்கிப் போட மனசு வரலை, மடிச்சுத் திரும்பப் பரண்லயே வெச்சுட்டேன். ஆனா இனிமே அது மழைக்கு ஆகாது.

அதனால புதுசு வாங்கணும். கடைக்குப் போனேன். "எத்தனை பேர் மேடம்?"னு கேட்டான் கடைக்காரப் பையன். நீங்க, ரெண்டு பொண்ணுங்க, நான், எங்க வீட்டு ஆள், அப்பா, மொத்தம் ஆறு பேர்னேன். "அப்ப ஆறு பேர் கூடாரம்"னு கையில பெட்டியைத் திணிக்கறான். பெட்டி மேல ஆறு பொம்மை வரிசையா படுத்திருக்கு, எல்லாம் தீக்குச்சி மாதிரி. எங்க வீட்டு ஆள் தீக்குச்சியா, நீங்களே சொல்லுங்க. வாங்காம வந்துட்டேன்.

முன்னெல்லாம் இதை அண்ணனும் நீங்களும் பார்த்துக்கிட்டீங்க. நான் வந்து படுத்ததோட சரி. எவ்வளவு பெரிசா எடுக்கறதுன்னு எழுதுங்க. ஒரே கூடாரமா இருக்கணும், அதை மட்டும் மாத்த வேண்டாம். எல்லாரும் வரிசையா படுத்து, பேசிக்கிட்டே ஒவ்வொருத்தரா தூங்கிப் போறதுதானே அதுல சுகம்.

அண்ணன் வெச்ச பேரை விடறதா இல்லை,
உங்கள் நாத்தனார்
சில்வண்டு


ஏப்ரல் 11

சில்வண்டுக்கு,

கடிதம் வந்தது. பெரியவள் நீ கூப்பிட்டதைச் சொல்லவில்லை. அவள் இப்போது யாரிடமும் எதையும் சொல்வதில்லை. பதினைந்து வயது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையை நம்பாதே. என் பஸ்ஸில் 'நிற்பவர் இருபது' என்று எழுதியிருக்கிறது. இருபது பேர் நிற்கலாம்தான், யார் கையிலும் பை இல்லாமல் இருந்தால், யாரும் பெரிதாக மூச்சு விடாமல் இருந்தால். கூடாரமும் அப்படித்தான். ஆளுக்கு இரண்டடி அகலம் வைத்து எண்ணுகிறார்கள். தோளோடு தோள். புரண்டு படுக்க இடமில்லை, பை வைக்க இடமில்லை. ஆட்கள் எத்தனையோ அதைவிட இரண்டு கூட்டி வாங்கவேண்டும். உன் வீட்டுக்காரரை நான் மரியாதையோடு ஒன்றரை ஆளாக வைத்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு முழங்கால் சரியில்லை. தவழ்ந்து நுழைகிற கூடாரம் அவருக்கு ஆகாது. உள்ளே நிமிர்ந்து நிற்கிற உயரம் வேண்டும். ராத்திரி எழுந்து வெளியே போவார், வழியில் யாரையும் மிதிக்காமல் போகும்படி இருக்கவேண்டும்.

ஆனால் பெரிய கூடாரத்துக்குப் பெரிய சமதரை வேண்டும். ஏரிக்கரையில் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுக்கிற இடம் எவ்வளவு சின்னது என்று மறந்துவிட்டாயா? போன முறையே ஒரு மூலை பாறை மேல் ஏறிக்கொண்டது. காற்று வந்தால் பெரிய துணி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். உன் அண்ணன் இருந்தார், பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றைவிட இரண்டு கூடாரம் சரியென்று படுகிறது.

இன்னொன்று. இதைப் போனில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், வரவில்லை. ஆறு பேர் இல்லை, ஏழு பேர். என்னுடன் ஒருவர் வருவார். எங்கள் டிப்போவுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒன்றரை வருடமாகத் தெரியும். பெண்களுக்கும் தெரியும். கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் அவரைப் பார்க்காமல் அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. எங்கே வைத்துப் பார்க்கச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது.

அவர் நல்ல உயரம். ஆறே கால் அடி. கூடாரம் உள்ளே ஏழடிதான் என்றால், தலையணையும் வைத்தபிறகு, கால் துணியில் இடிக்கும். விடியும்போது துணி பனியில் நனைந்திருக்கும், போர்வையும் நனையும். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

"இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்."

ஒரு பக்கம் முழுக்க கூடாரம். அகலம், உயரம், முழங்கால். அதுக்கு அடியில ஓரமா ஒரு கல்யாணம். அதுக்கு அடியில மறுபடியும் கூடாரம். பஸ்ஸை ஸ்டாப்பிங்ல நிறுத்தி ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பற மாதிரி எழுதியிருக்கீங்க அண்ணி.

நீங்க காலம் பூரா தனியா இருக்கணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை. நம்பினா நம்புங்க. நானே எங்க வீட்டு ஆள்கிட்ட சொல்லியிருக்கேன், அண்ணிக்கு ஒரு துணை வேணும்னு. ஆனா நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்றேன். ஒன்றரை வருஷத்துல எத்தனை ஞாயித்துக்கிழமை! பசங்க படிப்பு, உங்க முதுகுவலி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசினோம். இதைப் பேசலை.

சரி, அதையும் விடுங்க. ஏன் ஏரிக்கரை? அண்ணன் இல்லாம நாம அங்க போகப்போற முதல் தடவை இது. நான் அங்க போய் அழணும்னு இருந்தேன். அசிங்கமா, மூக்கை சிந்திக்கிட்டு, நம்ம ஆளுங்க முன்னாடி. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கையில டீ டம்ளரோட பார்த்துக்கிட்டு நின்னா எப்படி அழறது? அண்ணன் எப்பவும் ஜிப் பக்கம்தான் படுப்பார். ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டா முதல்ல அவர் தலைதான் வெளியே போகும். அந்த இடத்துல யாரோ ஒருத்தர் காலை மடக்கிக்கிட்டுப் படுத்திருக்கறதை நான் பார்க்கணுமா?

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். இந்த வருஷம் நாம மட்டும் போவோம். அடுத்த வருஷம் அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க, நானே கூடாரம் வாங்கி வைக்கறேன்.

போன் பண்ணாதீங்க. பேசினா கத்திடுவேன். எழுதினா கிழிச்சுட்டு மறுபடி எழுதலாம். இது நான் கிழிக்காம விட்டது.

சில்வண்டு


ஏப்ரல் 19

சில்வண்டுக்கு,

சொல்லாமல் இருந்தது என் தப்பு. எப்படிச் சொன்னாலும் உனக்கு வலிக்கும் என்று தெரிந்ததால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

ஆனால் அவரை வீட்டில் விட்டுவிட்டு வரமாட்டேன். 'நீங்கள் இந்த வருடம் எண்ணிக்கையில் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று ஒரு பெரிய மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதுவும் உன் அண்ணன் பெயரைச் சொல்லி அதைச் செய்யமாட்டேன். உன் அண்ணன் யாரையும் வெளியே நிறுத்தியவர் இல்லை.

நானும் பெண்களும் வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் மாமாவும் போய்விட்டு வாருங்கள். உங்கள் மூன்று பேருக்கு நாலு பேர் கூடாரம் போதும், உயரமானதாகப் பார்.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணிக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்கே கோபத்துல போய் நாலு பேர் கூடாரத்தை வாங்கிட்டு வந்துட்டேன். உயரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தீங்க. உங்க மேல இருந்த கோபத்துல அதைப் பார்க்கலை.

ஞாயித்துக்கிழமை சோபாவை சுவரோரம் தள்ளிட்டு ஹால்லயே கட்டிப் பார்த்தோம். எங்க வீட்டு ஆள் கம்பிகளை சொருகறேன்னு ஃபேனோட சண்டை போட்டார். எப்படியோ நின்னுச்சு. இடுப்பளவுதான் உயரம். நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல அப்பா குனிஞ்சு, கையை ஊன்றி உள்ள போயிட்டார். போயிட்டாரே தவிர, திரும்பி வர முடியலை. நான் வெளியில இருந்து இழுக்கறேன், எங்க வீட்டு ஆள் பின்னாடி துணியைத் தூக்கிக்கிட்டு முதுகைத் தள்ளறார். அப்பா சிரிக்கறார், எங்களுக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடயே கேட்டார்: "இதுல நாம மூணு பேரே நெருக்கிப் படுக்கணும் போல. பொண்ணுங்க எங்க படுப்பாங்க?"

எனக்குப் பொய் சொல்ல வரலை. அவங்க வரலைப்பான்னேன். ஏன்னார். சொன்னேன். எல்லாத்தையும், கண்ணாடிக் கடை வரைக்கும்.

அப்பா படுத்தபடியே கூடாரத்து உச்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் "அந்த ஜிப்பை மூடிட்டுப் போம்மா"ன்னார். மூடிட்டு வந்து சமையலறையில நின்னேன். எங்க வீட்டு ஆள் "போய்ப் பாரு, போய்ப் பாரு"ன்னு சைகை காட்டறார், நான் போகலை. டீ போட்டு முடிச்ச அப்புறம்தான் உள்ள இருந்து குரல் வந்துச்சு.

"அந்த மனுஷன் என்ன உயரம்னு சொன்னே?"

ஆறே காலடிப்பா.

"அப்ப இது பத்தாது. வேற பாரு. எல்லாரையும் வரச் சொல்லு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "எனக்கு என் பேத்திங்களைப் பார்க்கணும். அவங்க யார்கூட வந்தா என்ன?"ன்னு ஜிப்புக்கு அந்தப் பக்கம் இருந்தே சொல்லிட்டார்.

அதனால எழுதறேன். வாங்க, எல்லாரும். இது அப்பா சொன்னது. நான் இன்னும் அந்த அளவுக்கு வரலை. ஆனா அப்பா சொன்னா எனக்கு மறுபேச்சு இல்லை.

சில்வண்டு


மே 3

சில்வண்டுக்கு,

மாமா சொன்னதைப் படித்துவிட்டு டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் பெண் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஆனால் இப்போது வேறு சிக்கல். எல்லோரும் போகிறோம் என்று வீட்டில் சொன்னேன். சின்னவள் குதித்தாள். அவருக்கு 'ஏணி மாமா' என்று பெயர் வைத்திருப்பவள் அவள்தான். பெரியவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அவர் வந்தா நான் வரலை" என்றாள். ஏன் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாளும் கேட்டேன், கதவுக்குப் பின்னால் இருந்து "சும்மா" என்று பதில் வந்தது.

ஒன்றரை வருடத்தில் அவரிடம் அவள் முகம் சுளித்ததில்லை. அவர் கடையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் படிப்பாள். அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்பாவின் இடம் அது, அங்கே வேறு ஆள் வேண்டாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. நீ நினைத்தது போலவே.

உனக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் மகளுக்கு விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. அவரிடம் சொன்னேன். "சரி, பொண்ணுதான் முக்கியம்" என்றார்.  கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

ஆறு பேர்தான் வருகிறோம். நீ நினைத்தபடியே ஆயிற்று.

அண்ணி


மே 7

அண்ணி,

"நீ நினைத்தபடியே ஆயிற்று." அந்த வரியைப் படிச்சுட்டு எனக்கு சோறு இறங்கலை. இப்படி ஆகணும்னா நான் நினைச்சேன்?

நான் பெரியவளுக்குப் போன் பண்ணேன். கோபப்படாதீங்க. அவ என்கிட்டயும் முதல்ல "சும்மா"தான் சொன்னா. அண்ணன் ஞாபகமாடி கண்ணுன்னு கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னா பாருங்க:

"அது இல்லை அத்தை. அப்பா ஞாபகம் எனக்கு எப்பவும்தான் இருக்கு. நீங்க எல்லாரும் ஒரே கூடாரம், ஒரே கூடாரம்னு பேசிக்கறீங்க. நான் அவர் இருக்கற இடத்துலயே டிரஸ் மாத்தணும், அவர் பார்க்கற மாதிரி தூங்கணும். அவர் நல்லவர்தான். அதுக்காக? அம்மாகிட்ட சொன்னா அவரைத் தப்பா நினைக்கறேன்னு நினைச்சுக்குவாங்க. யாராவது என்னைக் கேட்டீங்களா?"

 நீங்க ஒரு பக்கம் எழுதறீங்க, நான் ஒரு பக்கம் எழுதறேன், அப்பா கூடாரத்துக்குள்ள இருந்து உத்தரவு போடறார். வயசுக்கு வந்த பொண்ணு எங்க படுப்பான்னு ஒருத்தரும் யோசிக்கலை. ஆம்பளைங்களுக்கு முன்னாடி எழுந்து, துணி மூட்டையோட அந்தக் கழிப்பறை வரிசையில நானே அவ வயசுல நின்னிருக்கேன். எப்படி மறந்தேன்?

அதோட இன்னொண்ணும் சொன்னா. அவர் வரலைன்னு ஆனதுல இருந்து நீங்க சமைக்கறீங்க, வேலைக்குப் போறீங்க, வர்றீங்க, வேற பேச்சே இல்லையாம். "என்னாலதான் அத்தை"ன்னு அழுதா.

சரி, இனிமே நான் சொல்றதைக் கேளுங்க. நானூறு பேருக்கு ஒரே காலேஜுல வகுப்பு ஒதுக்கறவ நான். ஏழு பேரைப் படுக்க வைக்க முடியாதா?

ஒரே கூடாரம் வேண்டாம். அந்த ஆசையை நானே விட்டுடறேன். நான் வாங்கின நாலு பேர் கூடாரம் உங்களுக்கும் பொண்ணுங்களுக்கும். மூணு பேருக்கு நாலு, பைக்கும் இடம் இருக்கும், உள்பக்கம் ஜிப் போட்டுக்கிட்டா யாரும் வர முடியாது. எங்களுக்கு உள்ள நின்னு நடமாடற மாதிரி ஆறு பேர் கூடாரம். அப்பா, நான், உங்க கணக்குப்படி ஒன்றரை ஆள். பகல்ல மழை வந்தா எல்லாரும் அதுலயே உட்கார்ந்துக்கலாம். அவருக்குத் தனியா ரெண்டு பேர் கூடாரம். நேரா படுத்தா கால் இடிக்கும், மூலைக்கு மூலை கோணலா படுத்தா நீளம் கிடைக்கும்னு கடையில சொன்னாங்க. சின்னக் கூடாரங்களுக்கு பாறை இல்லாத இடமா எங்க வேணா கிடைச்சுடும்.

அவளும் சரின்னுட்டா. உங்ககிட்ட நேர்ல சொல்ல வெட்கப்படறா. நீங்களே பேச்சைத் தொடங்குங்க.

எனக்கு மனசு ஆறிடுச்சான்னு கேட்டா இல்லை. அது வேற, இது வேற.

சில்வண்டு


மே 10

சில்வண்டு,

பேசினேன். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம், பிறகு அவள் என் மேல் கோபப்பட்டாள், பிறகு தோசை கேட்பது போல் சாதாரணமாக "ஸ்லீப்பிங் பேக் புதுசு வேணும்" என்றாள். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பெண்கள் பஸ்ஸில் ஓர் அங்குலம் தள்ளி நிற்கப் படாதபாடு படுகிறார்கள் என்று கண்ணாடியில் பார்க்கிறவள் நான்.

இரண்டு பேர் கூடாரத்தின் அளவை வாங்கி, அவர் கடைத் தரையில் சின்னவள் சாக்பீஸால் கட்டம் போட்டாள். அவர் அதில் கோணலாகப் படுத்துக் காட்டினார். கண்ணாடி வாங்க வந்த அம்மா ஒருத்தர் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார். பெரியவள் கை கட்டிக்கொண்டு பார்த்தாள். "கால் பக்கம் இன்னும் ஒரு சாண் விடணும்" என்றாள். அவர் தலையை ஒரு சாண் ஏற்றிக்கொண்டார். சரியாக இருக்கிறது.

வருகிறோம், ஏழு பேரும்.

அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

ஊருக்கு வந்து துணி துவைச்சுக் காயப்போட்டாச்சு. கூடாரங்களையும் மொட்டை மாடியில நல்லா காயவெச்சுதான் மடிச்சேன், இதாவது ஒட்டிக்காம இருக்கட்டும்.

நீங்க பார்க்காத ரெண்டு விஷயம் எழுதணும். நேர்ல சொல்ல முடியலை.

ஒண்ணு, முதல் நாள். காத்து சுழட்டி அடிச்சு, பெரிய கூடாரத்தை எங்க வீட்டு ஆளும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு தொங்கினாங்களே, அப்ப என்னைக் காணோம்னு தேடினீங்க. நான் கார் பின்னாடி உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தேன். அண்ணன் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரியே இருந்துச்சு, அதான். உங்க கண்ணாடிக் கடைக்காரர் சுத்தியல் எடுக்க வந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு எரிச்சல், இப்ப ஆறுதல் சொல்லப் போறார்னு. அவர் டிக்கியைத் திறந்து சுத்தியலை எடுத்தார், தண்ணி பாட்டிலை என் பக்கத்துல வெச்சார், திறந்த டிக்கிக் கதவை அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். அந்தக் கதவு மறைச்சதால வேற யாரும் என்னைப் பார்க்கலை. அழுது முடிச்சுட்டு வந்தேன்.

ரெண்டாவது, மறுநாள் காலையில. நீங்க பொண்ணுங்களோட தூங்கிட்டு இருந்தீங்க. நான் முழிச்சுட்டேன், எழுந்திருக்கலை. அப்பாவும் அவரும் வெளியில அடுப்புகிட்ட. துணிச் சுவர்தானே, மூச்சு விட்டாலும் கேட்குது. முந்தின நாள் அப்பா கூடாரத்து முளையை விட்டுட்டு முளைக்குப் பக்கத்துலயே அடிச்சுக்கிட்டு இருந்தாரே, நாம எல்லாம் சிரிச்சோமே, அதை இந்த மனுஷர் கவனிச்சிருக்கார்.

"ஐயா, இடது கண்ணை மூடிக்கிட்டு அக்கரையில பாருங்க. என்ன தெரியுது?"

"கயித்துல நீலப் போர்வை காயுது."

"இப்ப வலதை மூடுங்க."

அப்பா ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார். "படகு மாதிரி இருக்கு. நீலப் படகு."

அவர் சிரிக்கலை. "இது கண்ணாடி மாத்தினா சரியாகற விஷயம் இல்லைங்க ஐயா. கண்புரையா இருக்கலாம், டாக்டர்தான் பார்க்கணும்"னார். அப்பா உடனே, "பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, ஏற்கெனவே அண்ணனைப் பறிகொடுத்ததுல பயந்து போய்க் கிடக்கறா"ன்னார். அதுக்கு அவர், "நான் சொல்லலை. நீங்களே சொல்லிடணும். அவங்ககிட்ட மறைக்க என்னால ஆகாது, இப்பத்தான் ஒண்ணை மறைச்சு வாங்கிக் கட்டிக்கிட்டோம்"னார்.

நான் போர்வையை வாயில வெச்சு சிரிப்பை அடக்கினேன். அழுகையும்தான். அப்பா இன்னும் என்கிட்ட வாயைத் திறக்கலை. நானும் கேட்கலை, அவரா சொல்லட்டும்னு இருக்கேன்.

ஏணியாரைப் பிடிச்சிருக்கான்னு கேட்டா, நீங்க அவரைப் பார்த்து சிரிச்சப்போ நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். அது போக நாளாகும். ஆனா நீங்க சிரிச்சுப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு, அதையும் சொல்லணும். பதிவு அலுவலகத்துக்கு எப்ப போறீங்கன்னு தேதி சொல்லுங்க. சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேணுமில்ல.

சில்வண்டு


ஜூன் 2

அன்புள்ள சில்வண்டுக்கு,

மாமா இங்கே இருக்கிறார். போனில் 'பத்திரமாக வந்துவிட்டார்' என்று மட்டும் சொன்னேன், நீ திட்டத் தொடங்கியதால் வைத்துவிட்டேன். முழுதும் எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

செவ்வாய்க்கிழமை டிப்போவிலிருந்து வண்டியை எடுத்து முதல் ஸ்டாப்பிங்கில் நிறுத்துகிறேன், முன்வாசல் வழியாக ஒரு துணிப்பை ஏறுகிறது, பின்னால் மாமா. "கடைசி வரைக்கும் ஒண்ணு" என்று கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறார். எனக்கு பிரேக்கிலிருந்து காலை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன். "நீ ஓட்டும்மா, ஜனங்க வேலைக்குப் போகணும்" என்று எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். என் ஷிஃப்ட் முடிகிறவரை இறங்கவே இல்லை. ஏறுகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுப் பொண்ணு" என்று என்னைக் காட்டினார்.

கண்ணைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். நேற்று டாக்டரிடம் போனோம், அவரும் கடையை மூடிவிட்டுக் கூட வந்தார். கண்புரைதான், சின்ன ஆபரேஷன், அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். உன்னிடம் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தெரியாத மாதிரி கேட்டுக்கொள்.

ஆனால் கண்ணுக்காக மட்டும் வரவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் குடிபோகப் பார்த்திருக்கும் வீட்டைக் காட்டச் சொன்னார். எல்லோரும் போனோம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். மாமா ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினார். அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். "இது பொண்ணுங்களுக்கு. இது உங்களுக்கு" என்று அறைகளைப் பார்த்துத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு கூடத்துக்கு வந்து நடுவில் நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அப்ப, நான் வந்தா எங்க படுக்கறது?"

 இந்த மூன்று வருடமாக, இனி நான் அவருக்கு என்ன முறை என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அதையே நினைத்துக்கொண்டு, பஸ் ஏறி, ஒரு கண்ணோடு, இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இவர் என்னைப் பார்த்தார். நான் பெண்களைப் பார்த்தேன்.

பெரியவள்தான் சொன்னாள். "எங்க ரூம்ல தாத்தா. நீங்க வந்தா நான் கூடத்துல படுத்துக்கறேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்காதா கண்ணு?"

"நம்ம வீடுதானே" என்றாள். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது போல, சின்னவளை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மாமா தலையாட்டினார். அந்த அறைக்குள் போய் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். "கொக்கி லூசா இருக்கு, மாத்தணும்" என்றார். இவர் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவரப் போனார்.

அண்ணி